சிவப்பு விளக்கு அணையும்வரை



விடுமுறைக் காலம் வந்துவிட்டால் ஃபிரிஸ்கோவில் நம்மவர் வீடுகளில் தராசுக்குத்தான் முதல் மரியாதை. பாதாம், சாக்லேட், அப்பாவுக்கு வைட்டமின் மாத்திரை, அக்கா மகளுக்குச் சப்பாத்து என்று அடைத்த பெட்டியைத் தராசில் ஏற்றுவோம், இறக்குவோம். 50 பவுண்டுக்கு ஒரு பவுண்டு கூடினாலும் ஒரு பொதியை எடுத்து அடுத்த பெட்டியில் திணிப்போம். பிறகு அரை மணிநேரம் காரோட்டி டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமானநிலையத்துக்குப் போய், பாதுகாப்புச் சோதனையையும் தாண்டி, கேட்டின் முன் அமர்ந்த பிறகுதான் மூச்சு வரும்.

நாம் மூச்சு வாங்கும் அந்த வேளையில் பிள்ளைகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வெளியே பார்ப்பார்கள். "அப்பா, அந்த மாமா ஏன் காதை மூடியிருக்கிறார்? ஏன் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள்? ப்ளேன்தான் வந்துவிட்டதே!" என்று கேட்பார்கள். நாமும் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ ஒரு பதில் சொல்லிவைப்போம்.

பிள்ளையின் கேள்வி நல்ல கேள்வி. விமானம் வந்து நின்ற பிறகும் அந்தப் பணியாளர்கள் ஏன் உடனே ஓடிப்போய்ப் பெட்டிகளை இறக்காமல் காத்து நிற்கிறார்கள்? அதற்கான பதிலில் உயிர் சம்பந்தப்பட்ட விடயம் இருக்கிறது. நம் சமூகத்திலும் விமானநிலையப் பணிக்குப் போகிறவர்கள் உண்டு. ஊருக்குப் போகும்போது நம் வயதான பெற்றோரும் சின்னப் பிள்ளைகளும் விமானத்தின் பக்கமாகத் தரையில் நடந்து போவதும் உண்டு. ஆகவே இம்முறை நலவாழ்வுப் பகுதியில், நிறுத்தப்பட்ட விமானத்தைச் சுற்றியுள்ள ஆபத்துகளைப் பற்றிப் பார்ப்போம்.

டாலஸிலிருந்து சென்ற ஒரு விமானம்

2022ஆம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. அமெரிக்கன் ஈகிள் 3408 என்ற விமானம் நமது டாலஸிலிருந்து புறப்பட்டு, பிற்பகல் 3 மணியளவில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி விமானநிலையத்தை அடைந்தது. எம்ப்ரேயர் 175 வகையைச் சேர்ந்த சிறிய ஜெட் விமானம் அது. பத்திரமாகத் தரையிறங்கி, பத்திரமாகக் கேட்டிலும் வந்து நின்றது. உள்ளே இருந்த பயணிகளுக்குப் பயணம் முடிந்துவிட்டது.

வெளியே வேலை இன்னும் தொடங்கவில்லை. விமானம் நிற்கும்போது மின்சாரம் தருவதற்கு அதன் வால்பகுதியில் ஒரு சிறிய துணை எஞ்சின் உண்டு. அன்று அந்தத் துணை எஞ்சின் பழுது. எனவே தரையிலிருந்து மின்கம்பியை இணைக்கும்வரை, எஞ்சின்கள் சூடு தணிவதற்கான இரண்டு நிமிடங்களையும் கருத்திற்கொண்டு, விமானி இரண்டு எஞ்சின்களையும் ஓடவிட்டிருந்தார். தரைப்பணிக் குழுவுக்கும் இது தெரியும். விமானம் வருவதற்குச் சுமார் பத்து நிமிடம் முன்பாக ஒரு முறையும், கேட்டை அடைவதற்குச் சற்று முன்பாக இன்னொரு முறையும் குழு கூடிப் பேசியிருந்தது. "எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்று, சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் கிட்டப் போகவேண்டாம்" என்பதுதான் இரண்டு முறையும் சொல்லப்பட்ட செய்தி.

இருந்தும், குழுவில் இருந்த ஓர் இளம்தாய், ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கூம்பு ஒன்றை வைக்கப் போனவர், இடப்பக்க எஞ்சினின் முன்னால் நடந்துவிட்டார். சக பணியாளர் ஒருவர் கத்தி எச்சரித்தும் பலனில்லை. அந்த இடத்திலேயே அவர் உயிர் போயிற்று. மூன்று பிள்ளைகளின் தாய். மறுநாள் புத்தாண்டு.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது. தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2023இல் அவரது நிறுவனத்தின்மீது 15,625 டாலர் தண்டம் குறித்தது. அந்தத் தொகையைப் பற்றி நாம் எதுவும் சொல்லப்போவதில்லை. நாம் யோசிக்க வேண்டிய விடயம் வேறு. எச்சரிக்கை இரண்டு முறை சொல்லப்பட்டது, சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பணியாளர் எப்படி அங்கே போனார்?

கண்ணுக்குத் தெரியாத மதகு

கிராமத்தில் குளத்து மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மதகு திறந்திருக்கும்போதும் சற்றுத் தள்ளி நின்றால் தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். கிட்டக்கிட்டப் போனால் காலை ஏதோ மெல்ல இழுப்பதுபோல் இருக்கும். இன்னும் ஓரடி வைத்தால் பிறகு திரும்ப முடியாது. ஆபத்து படிப்படியாகக் கூடாமல், கடைசி இரண்டு மூன்று அடிகளில் திடீரென்று கூடிவிடும்.

ஜெட் எஞ்சினும் காற்றுக்கு ஒரு மதகுதான். முன்னால் உள்ள பெரிய விசிறி காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. நாம் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ ஊர் போகும்போது ஏறுகிற போயிங் 777-300இஆர் விமானத்தின் எஞ்சின் விசிறிக்கு விட்டம் 128 அங்குலம், அதாவது பத்தடிக்கும் மேல். ஒரு விமானம் நின்ற இடத்தில் நின்று, எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போதுகூட, அதன் முன்னால் பல அடி தூரத்துக்கு மனிதரை இழுக்கும் வலு இருக்கிறது. மான்ட்கோமரிக்கு வந்த அந்தச் சிறிய விமானத்துக்கே 15 அடி ஆபத்து வட்டம் என்று அந்நிறுவனத்தின் தரைப்பணிக் கையேடு கூறுகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி வேகம் தணிவதற்கு 30 முதல் 60 வினாடி கொடுக்க வேண்டும் என்பதும் அதே கையேட்டில் உள்ளது.

முன்னால் இழுப்பு என்றால் பின்னால் தள்ளு. எஞ்சினின் பின்புறத்திலிருந்து வரும் சூடான காற்று ஓர் ஆளைத் தூக்கி எறியப் போதுமானது. மான்ட்கோமரியில் ஒரு பணியாளரை அந்தக் காற்று ஏறக்குறைய விழுத்திவிட்டது.

மருத்துவராக நாம் கவனிப்பது இன்னொன்று. ஆபத்தை நமக்கு முதலில் அறிவிப்பவை கண்ணும் காதும். விமானத்தின் அருகில் இரண்டும் ஏமாற்றிவிடும். வேகமாகச் சுழலும் விசிறி ஒரு சாம்பல்நிறத் தட்டுப்போலத் தெரியுமே தவிர, அதன் இதழ்கள் தெரியாது. காது பாதுகாப்புக் கவசத்துக்குள் இருக்கும். கவசம் இல்லாவிட்டாலும், பக்கத்துக் கேட்டில் ஒன்று, எதிர்க் கேட்டில் ஒன்று என்று நான்கைந்து எஞ்சின்கள் இரையும் இடத்தில், எந்த இரைச்சல் எந்த விமானத்தினுடையது என்று பிரித்தறிவது கடினம். மூளைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே வேலையை ஆயிரம் தடவை ஆபத்தில்லாமல் செய்துவிட்டால், ஆயிரத்தோராவது தடவை அதைப் பற்றி அது யோசிப்பதில்லை. கால் தானாகவே நடக்கும்.

இதனால்தான் விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் பளிச்சிடும் சிவப்பு விளக்கைப் பொறுத்தியிருக்கிறார்கள். எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். காதை நம்பாதே, பழக்கத்தை நம்பாதே, விளக்கைப் பார் என்பதுதான் அதன் பொருள். பிள்ளை கேட்ட கேள்விக்கும் அதுவே பதில். அந்த மாமாக்கள் சும்மா நிற்கவில்லை, சிவப்பு விளக்கு அணைவதற்காகக் காத்து நிற்கிறார்கள்.

எமது சட்டையைப் பிடித்து இழுத்தவர்

இதை எல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. 1990களின் இறுதியில் நாம் அகதியாக ஒரு குளிர்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் மருத்துவப் பட்டம் இருந்தது, அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. பகலில் தேர்வுக்குப் படிப்பு. இரவில் ஒரு விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. எம்மோடு அந்தக் குழுவில் ஒரு பொறியியலாளரும் ஒரு பள்ளி ஆசிரியரும் இருந்தார்கள். எல்லோருமே ஏதோ ஒரு போரிலிருந்து வந்தவர்கள்.

ஓர் இரவு நல்ல பனி. விமானம் வந்து நின்றது. குளிரில் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்ற எண்ணத்தில், சக்கரக்கட்டைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நாம் நடக்கத் தொடங்கினோம். பின்னாலிருந்து ஒரு கை எமது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. தள்ளாடித் திரும்பிப் பார்த்தால், குழுவின் மூத்தவர். எரித்திரியாவிலிருந்து எம்மைப்போலவே அகதியாக வந்த மனிதர். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினாலும் அந்த இரைச்சலில் கேட்காது. விரலை நீட்டி விமானத்தின் அடிவயிற்றைக் காட்டினார். சிவப்பு விளக்கு பளிச்சிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு தேநீர் வேளையில் தனது அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்: "முதலில் விளக்கு, அப்புறம் வேலை. நீ டாக்டராக வேண்டும் என்றால், முதலில் உயிரோடு இருக்க வேண்டும்." எமக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயிற்சி நாளில் அதே விதியை நாம் தாளில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தோம். விதி தெரியாமல் நாம் நடக்கவில்லை. குளிர், களைப்பு, முந்திய இரவு தூங்காதது, அவசரம் இவையெல்லாம் சேர்ந்து எம்மை நடக்கவைத்தன.

இன்றும் ஒரு நோயாளி "கவனக்குறைவு டாக்டர்" என்று தன்னையே நொந்துகொள்ளும்போது அந்த இரவு நினைவுக்கு வரும். கவனம் குறைவதற்கும் காரணம் உண்டு.

எல் பாசோவும் மும்பையும்

நமது டெக்சாஸிலேயே 2006 ஜனவரி 16 அன்று எல் பாசோ விமானநிலையத்தில் இதுபோன்ற ஒரு துயரம் நடந்தது. ஹூஸ்டனுக்குப் புறப்பட இருந்த காண்டினென்டல் 1515 என்ற போயிங் 737 விமானத்தின் வலப்பக்க எஞ்சினில் எண்ணெய்க் கசிவு இருப்பதாகத் தெரிந்து, ஒப்பந்தப் பணியாளர்கள் அதைச் சோதித்தார்கள். கசிவைப் பார்ப்பதற்காக எஞ்சினின் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். அப்போது குனிந்திருந்த ஒருவர் எழுந்து ஓரடி வைத்தார். அந்த ஓரடி ஆபத்து வட்டத்துக்குள் விழுந்துவிட்டது.

விசாரணையின் முடிவு நாம் கவனிக்க வேண்டியது. எழுதிவைத்த நடைமுறையைப் பணியாளர்கள் பின்பற்றவில்லை என்பது ஒரு காரணம். ஒப்பந்தப் பணியாளர்களுக்கு விமான நிறுவனம் போதிய பயிற்சி அளிக்கவில்லை என்பதும், பயணிகள் கட்டடத்தின் அருகில் எஞ்சின் வேகத்தைக் கூட்டக்கூடாது என்ற விதியை விமானநிலையம் எல்லோருக்கும் அறிவிக்கவில்லை என்பதும் அதற்குத் துணைநின்ற காரணங்களாகச் சொல்லப்பட்டன.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஏர் இந்தியாவின் ஹைதராபாத் விமானம், ஏஐ 619, கேட்டிலிருந்து பின்னால் தள்ளப்பட்டு எஞ்சின்களும் ஓடத் தொடங்கியிருந்தன. தரையில் இருந்த தொழில்நுட்பப் பணியாளர் விலகிப் போவதற்குள் விமானம் நகர்ந்தது. அவரும் உயிரிழந்தார். இங்கே தவறியது கீழே நின்றவருக்கும் மேலே அமர்ந்தவருக்கும் இடையிலான சைகை.

மூன்று சம்பவங்களும் மூன்று விதம். ஒன்றில் பணியாளர் முந்திக்கொண்டார், ஒன்றில் பயிற்சி போதவில்லை, ஒன்றில் விமானம் முந்திக்கொண்டது. மூன்றிலும் விமானத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்குக் காயமில்லை. தரையில் நின்றவர்தான் போனார்.

மெல்ல மெல்ல வரும் கேடு

எஞ்சின் விபத்து அரிதானது. ஆனால் அதே தரையில் வேலை செய்பவரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஆபத்துகளும் உண்டு. மருத்துவமனைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான்.

முதலாவது காது. எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 88க்கு நான்கு மணிநேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடம்தான். ஜெட் எஞ்சின் அருகில் இரைச்சல் அதையும் தாண்டிவிடும். உள்காதில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எமது சட்டையைப் பிடித்து இழுத்த மூத்தவருக்கு அப்போதே வலக்காது மங்கல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதில் ரீங்காரம், தொலைக்காட்சியின் சத்தத்தை வழக்கத்தைவிடக் கூட்டுவது, கூட்டத்தில் பேச்சு விளங்காமை ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வெயில். டாலஸ் பகுதியின் அதிகாரபூர்வ வெப்பநிலையை அளக்கும் இடமே நமது விமானநிலையம்தான். 2011ஆம் ஆண்டில் அங்கே 71 நாள்கள் 100 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொட்டன அல்லது தாண்டின. கான்கிரீட் தரையின் சூடும் எஞ்சின் சூடும் அதோடு சேரும். வேலை செய்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த முதல் வாரமே மிக ஆபத்தான வாரம், ஏனெனில் உடல் இன்னும் வெப்பத்துக்குப் பழகவில்லை. இரத்த அழுத்தத்துக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் கோடைக்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். உடன் வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. 911ஐ அழையுங்கள். உதவி வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீராலும் பனிக்கட்டியாலும் உடலைக் குளிரவையுங்கள்.

மூன்றாவது இடுப்பு. கையால் தூக்கும் சுமைக்கு அதே ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு 51 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. நேராக நின்று, உடலோடு ஒட்டி, நல்ல பிடிமானத்தோடு தூக்கும்போது மட்டும் அந்த அளவு. குனிந்தாலோ திரும்பினாலோ அந்த எல்லை வேகமாகக் குறையும். சிறிய விமானங்களின் பொதியறைக்குள் பணியாளர் நிமிர முடியாது. மண்டியிட்டு, உடலைத் திருப்பி, நாம் தராசில் பார்த்துப் பார்த்து அடைத்த 50 பவுண்டுப் பெட்டியைத் தள்ளுகிறார். அடுத்தமுறை பெட்டி கட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டியில் எடையைச் சமமாகப் பிரிப்பது அவர் முதுகுக்கு நாம் செய்யும் உதவி.

நான்காவது தூக்கம். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் இளைஞர்களில் இரண்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். குடித்துவிட்டு எஞ்சின் அருகில் போவீர்களா? தூங்காமல் போவதும் ஏறக்குறைய அதுதான்.

பலாலியில் நடக்கும்போது

டாலஸ் போன்ற பெரிய விமானநிலையத்தில் கூண்டுப்பாதை வழியாக நேரே விமானத்துக்குள் போய்விடுகிறோம். ஊருக்குப் போனால் அப்படியல்ல. யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் 2019 அக்டோபர் 17 அன்று பலாலியில் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்னும் சுழலி விமானம். அங்கே பயணிகள் தரையில் நடந்துபோய்ப் படியேறுகிறார்கள்.

ஏடிஆர் விமானத்தின் சுழலி ஏறக்குறைய 13 அடி விட்டம் கொண்டது. பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கம், வால் அருகில் இருக்கிறது. சுழலி இறக்கைக்கு முன்னால் இருக்கிறது. நம்மைப் பின்பக்கமாக அழைத்துப்போவதற்கு அதுவும் ஒரு நல்ல காரணம். இந்த விமானத்தில் துணை எஞ்சின் கிடையாது. அதனால் வலப்பக்கச் சுழலியைத் தடையிட்டு நிறுத்திவிட்டு, அந்த எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரம் எடுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். சுழலி அசையாமல் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம். சுழலி வேகமாகச் சுற்றினால் அதன் இதழ்கள் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நிற்கிறதோ சுற்றுகிறதோ, சுழலியைச் சுற்றும் சுழலியாகவே நினைத்து விலகி நடக்க வேண்டும்.

முப்பது வருடம் கழித்து ஊர் மண்ணில் கால்வைக்கும்போது கண் கலங்குவது இயல்பு. குனிந்து மண்ணைத் தொடவும், படம் எடுக்கவும், பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டவும் தோன்றும். அதை எல்லாம் கட்டடத்துக்கு வெளியே வந்த பிறகு செய்வோம். விமானத்தின் அருகில் நடக்கும் இரண்டு நிமிடத்துக்குப் பிள்ளையின் கை நம் கையில் இருக்கட்டும், கைபேசி பையில் இருக்கட்டும்.

கேட்டிலேயே தீ பிடித்தால்?

2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நஹா விமானநிலையத்தில் சைனா ஏர்லைன்ஸ் 120 என்ற போயிங் 737 வந்து நின்ற பிறகு எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. விமானம் எரிந்து நாசமாயிற்று. உள்ளே இருந்த 165 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். தீயை முதலில் கண்டு விமானிக்கு அறிவித்தவர்கள் தரைப்பணியாளர்கள்.

2025 மார்ச் 13 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து நமது டாலஸுக்கு வரவேண்டிய அமெரிக்கன் 1006 விமானம், எஞ்சின் அதிர்வால் டென்வருக்குத் திருப்பப்பட்டது. அங்கே கேட்டில் நின்றபோது எஞ்சினில் தீ. 172 பயணிகளும் 6 பணியாளர்களும் வெளியேறினார்கள். 12 பேர் சிறு காயங்களோடு மருத்துவமனை சென்றார்கள். அன்று இறக்கைமீது புகைக்கு நடுவே நின்ற பயணிகளின் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையிலும் சிலர் கையில் பை இருந்தது. பையை எடுக்கும் பத்து வினாடி, நமக்குப் பின்னால் நிற்பவரின் பத்து வினாடி.

மறவாமல் கடைப்பிடிக்க

பயணிகளுக்கு:

1. விமானம் கேட்டில் நின்றாலும் இருக்கைப்பட்டை விளக்கு அணையும்வரை எழவேண்டாம். வெளியே பணியாளர் சிவப்பு விளக்குக்குக் காத்திருப்பதுபோல், உள்ளே நமக்கும் ஒரு விளக்கு உண்டு.

2. தரையில் நடக்க நேர்ந்தால் வரைந்த கோட்டுக்குள், பணியாளர் காட்டும் வழியில் மட்டும் நடக்கவும். இறக்கையின் அடியிலும், எஞ்சின் அல்லது சுழலிக்கு முன்னும் பின்னும் போகவேண்டாம்.

3. தொப்பியோ துப்பட்டாவோ காகிதமோ பறந்தால் பின்னால் ஓடவேண்டாம். பணியாளரிடம் சொல்லுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள்.

4. போத்தல் மூடி, விளையாட்டுப் பொருள் எதையும் தரையில் போடவேண்டாம். எஞ்சின் அதையும் உறிஞ்சும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்ததற்குத் தொடக்கம், ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு.

5. நீண்ட பயணம் முடிந்ததும் புகைக்க நினைப்பவர்கள் கட்டடத்துக்கு வெளியே வரும்வரை பொறுக்கவும். விமானத்தைச் சுற்றி எரிபொருள் நிரப்பும் வண்டிகள் நிற்கும்.

6. குழந்தை வண்டியை விமான வாசலில் ஒப்படைக்கும்போது பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூண்டுப்பாதையிலிருந்து நேரே தரைக்கு இறங்கும் படிக்கட்டு ஒன்று உண்டு.

7. அவசர வெளியேற்றத்தில் பையை விட்டுவிடுங்கள். தினமும் எடுக்கவேண்டிய மருந்தையும் கடவுச்சீட்டையும் உடலோடு கட்டிய சிறு பையில் வைத்திருந்தால் எதையும் தேடவேண்டி வராது.

அங்கே பணிபுரிவோருக்கு:

1. விளக்கு அணையவேண்டும், விசிறி தணியவேண்டும், குழுத்தலைவர் கை காட்டவேண்டும். மூன்றும் ஆன பிறகே கிட்டப் போகவும்.

2. பயிற்சி மொழி விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் பயிற்சி பெறுவது உங்கள் உரிமை. தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் தொலைபேசி எண் 1-800-321-6742.

3. காதுக்கவசத்தைக் கழுத்தில் மாட்டாமல் காதில் மாட்டுங்கள்.

4. இன்னொருவர் விளக்கு எரியும்போதே நடந்தால் சட்டையைப் பிடித்து இழுங்கள். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எம்மை அன்று இழுத்த அந்த மூத்தவருக்கு நாம் முறையாக நன்றி சொல்லவில்லை. தேர்வில் தேறியதும் அந்த வேலையை விட்டோம். பிறகு ஒவ்வொரு பயணத்திலும் கண்ணாடிக்கு அப்பால் ஆரஞ்சுச் சட்டையோடு நிற்பவர்களைப் பார்க்கும்போது அவர் முகத்தைத் தேடுகிறோம்.

அடுத்தமுறை உங்கள் பிள்ளை, "ஏன் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள்?" என்று கேட்டால், கைபேசியை வைத்துவிட்டு அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டுங்கள். அது அணையும்வரை இருவரும் சேர்ந்து பார்த்திருங்கள். ஓரிரு நிமிடம்தான் ஆகும்.

அனைவருக்கும் பத்திரமான பயணம் அமைய வாழ்த்துகிறோம்.